எண்ணெய்க்கு எவ்வளவு காரம்?

வீட்டில் சோப்புச் செய்து பழகிவரும் வாசகி ஒருவர், தமக்கு நேர்ந்த குழப்பத்தைக் கடிதமாக எழுதியிருக்கிறார். இணையத்திலிருந்து மூன்று செய்முறைகளை அவர் குறித்து வைத்துக்கொண்டாராம். மூன்றும் நூறு கிராம் தேங்காயெண்ணெய்க்கு உரியவை. ஆனால் சேர்க்க வேண்டிய காஸ்டிக் சோடா ஒன்றில் 17.4 கிராம் என்றும், மற்றொன்றில் 14.6 கிராம் என்றும், மூன்றாவதில் 25.7 கிராம் என்றும் இருக்கின்றன. ஒரே எண்ணெயைக் கொண்டு ஒரே பொருளைச் செய்யப் புறப்பட்டவர்கள் இத்தனை தூரம் முரண்படுவானேன், இவர்களில் எவரை நம்புவது என்பது அவருடைய கேள்வி.

கைவேலையில் ஆசை கொண்டவர்களுக்கு இணையம் இன்று அள்ளித் தரும் சாதனங்களுக்குக் குறைவில்லை. பூத்தையல் மாதிரிகள், ரவிக்கை வெட்டும் அளவுத்தாள்கள், சாயமேற்றும் முறைகள், காகிதப் பூக்கள் செய்யும் காணொளிகள் என்று எத்தனையோ ஒரு காசும் கொடாமல் கிடைக்கின்றன. அவற்றில் பிழை நேர்ந்தால் நஷ்டமாவது ஒரு முழத் துணியோ ஒரு மாலைப் பொழுதோதான். சோப்பு அத்தகையதன்று, அதில் பிழை நேர்ந்தால் அது குழந்தையின் தோலில் போய்த் தெரியும். ஆகவே, அழகான படங்களுடன் வரும் செய்முறைகளைக் காட்டிலும், படம் ஒன்றுகூட இல்லாமல் எண்கள் மாத்திரமே நிறைந்து, பார்த்தவுடன் புரட்டிவிடத் தோன்றும் ஓர் அட்டவணைதான் சோப்புச் செய்கிறவர்களுக்கு இணையம் அளிக்கும் மிகச் சிறந்த உதவி என்பது என் திடமான அபிப்பிராயம். ஒவ்வோர் எண்ணெயையும் முழுவதும் சோப்பாக்கத் தேவையான காரத்தைக் குறிக்கும் சோப்பாக்கல் எண் அந்த அட்டவணையில் இருக்கிறது. சோப்கால்க் போன்ற இலவசக் கணிப்பான்கள் எல்லாம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பெருக்கல் போடுகிறவையே.

எண்ணெய் என்பது கிளிசரினோடு மூன்று கொழுப்பமிலங்கள் பிணைந்த மூலக்கூறுகளின் தொகுதி என்பதும், காஸ்டிக் சோடா என்னும் காரமானது அந்தப் பிணைப்பைத் துண்டித்து ஒவ்வொரு கொழுப்பமிலத்தையும் சோடியம் உப்பாக, அதாவது சோப்பாக, மாற்றுகிறது என்பதும் பள்ளிக்கூடத்தில் படித்தவையே. ஆகையால் நேரே என்னை மிகவும் வசீகரித்த விஷயத்துக்கு வருகிறேன். நூறு கிராம் தேங்காயெண்ணெயை முழுவதும் சோப்பாக்க 18.3 கிராம் காஸ்டிக் சோடா வேண்டியிருக்க, அதே நூறு கிராம் நல்லெண்ணெய்க்கோ ஆலிவ் எண்ணெய்க்கோ சுமார் பதின்மூன்றரை கிராமும், விளக்கெண்ணெய்க்கு 12.8 கிராமும் போதுமாக இருப்பது எதனால்?

கலியாண வீட்டில் பந்திக்கு இலை போடுகிறவரிடம், வந்திருப்பவர்களின் தலைக்கணக்கைச் சொல்லாமல், அவர்களுடைய மொத்த எடையை மட்டும் ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். எழுபது கிலோ எடையுள்ள பெரியவருக்கும் ஓர் இலைதான், இருபது கிலோ எடையுள்ள சிறுவனுக்கும் ஓர் இலைதான் என்பதால், ஒரே எடையுள்ள இரண்டு கூட்டங்களில், சிறுவர்கள் நிறைந்த கூட்டத்துக்கே இலை அதிகம் தேவைப்படும். எண்ணெயிலும் நடப்பது இதுவே. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழச் சரிபாதி பன்னிரண்டு கார்பன் மட்டுமே கொண்ட லாரிக் அமிலம். ஆலிவ் எண்ணெயிலோ பெரும்பகுதி பதினெட்டுக் கார்பன் கொண்ட ஓலியிக் அமிலம். காரத்தின் ஒரு மூலக்கூறு, கொழுப்பமிலம் சிறிதா பெரிதா என்று பாராமல், ஒன்றுக்கு ஒன்றாகவே செலவாகிறது. இன்னும் ஒருபடி போனால், இந்தப் பந்திக்கு வருகிறவர்கள் குடும்பம் குடும்பமாகவே வருகிறார்கள்: தாய் ஒருத்தியின் கையைப் பிடித்தபடி மூன்று பிள்ளைகள்; தேங்காயெண்ணெய் வீட்டில் அவர்கள் சிறுவர்கள், ஆலிவ் வீட்டில் வளர்ந்த வாலிபர்கள்; விளக்கெண்ணெய் வீட்டுப் பிள்ளைகளோ பதினெட்டுக் கார்பனோடு கூடுதலாக ஓர் ஆக்சிஜன் அணுவையும் சுமந்துகொண்டு இன்னும் கனத்தவர்களாக வருகிறார்கள். இலை போட்டவுடன் பிள்ளைகள் கையை விட்டுவிட்டுத் தத்தம் இலையில் உட்கார, தாய் மாத்திரம் இலையின்றி அந்தக் கூடத்திலேயே தங்கிவிடுகிறாள். சோப்பில் தங்கிவிடும் கிளிசரின் அவள்தான். பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வேண்டுமென்றே இலை போடாமல் விடுவதையே சோப்புச் செய்கிறவர்கள் ஐந்து சதவீத சூப்பர்ஃபேட் என்கிறார்கள். பந்தியில் மிஞ்சிய இலையால் எவருக்கும் தீங்கில்லை, சோப்பில் மிஞ்சிய காரமோ தோலை அரிக்கும் என்கிற இடத்தில் மட்டுமே உவமை விலகுகிறது.

இப்படிப் பார்க்கும்போது, 18.3 என்பது யாரோ ஒருவர் பலமுறை செய்துபார்த்துக் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்த அளவு அன்று. கண்ணால் காண முடியாத மூலக்கூறுகளின் ஜனத்தொகையைத் தராசுத் தட்டில் வைத்துக் காட்டும் எண் அது. அடுக்களையில் நின்றுகொண்டு, நம் முன்னிருக்கும் எண்ணெயில் எத்தனை கொழுப்பமிலங்கள் உள்ளனவோ அத்தனைக்குச் சரியாகக் காரத்தை அளந்து வைக்க முடிகிறது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

சரித்திரத்தை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன். சாம்பல் நீரையும் கொழுப்பையும் காய்ச்சிச் சோப்புச் செய்வது மிகப் பழைய தொழில். உப்பிலிருந்து சோடாச் சாம்பல் செய்யும் முறைக்கு லெபிளாங்க் 1791-இல் பிரெஞ்சு தேசத்தில் காப்புரிமை பெற்றார். கொழுப்பு என்பது அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்பதை மிஷெல் யூஜீன் செவ்ரல் தம் 1823-ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். அதே செவ்ரல், பாரிஸ் நகரின் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தபோது, அருகருகே வைத்த இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றிக் காட்டுகின்றன என்பதை ஆராய்ந்து 1839-இல் வெளியிட்டார் என்பதால், பூத்தையலுக்கு நூலின் வர்ணம் தேர்ந்தெடுப்பவர்களும் அவருக்குக் கடன்பட்டவர்களே. சோப்பாக்கல் எண் சோப்புக்காகப் பிறந்ததே அன்று. வெண்ணெயில் வேறு கொழுப்பைக் கலந்து விற்கும் மோசடியைக் கண்டுபிடிப்பதற்காகக் கொட்ஸ்டார்ஃபர் என்பவர் 1879-இல் வகுத்த பரிசோதனை அது. மிகக் குட்டையான பியூட்டிரிக் அமிலம் வெண்ணெயில் இருப்பதால் அதன் எண் உயர்ந்திருக்கும். கலப்படம் செய்தால் தாழும்.

வாசகியின் மூன்று அளவுகளுக்கு இனி வரலாம். 18.3 என்னும் முழு அளவில் ஐந்து சதவீதத்தைக் குறைத்தால் 17.4 வருகிறது, இருபது சதவீதத்தைக் குறைத்தால் 14.6 வருகிறது. ஆகவே முதல் இருவரும் ஒருவரோடொருவர் முரண்படவில்லை. தேங்காயெண்ணெய் ஒன்றை மட்டுமே கொண்டு செய்த சோப்பு, நுரை பெருகுவதில் நிகரற்றதாயினும், தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கழுவிவிடும் கடுமை உடையது; அந்தக் கடுமையைத் தணிப்பதற்காக இரண்டாமவர் எண்ணெயை அதிகமாக மிச்சம் வைத்திருக்கிறார். மூன்றாமவருடையதே அபாயகரமான பிழை. விஞ்ஞான நூல்கள் சோப்பாக்கல் எண்ணைக் காஸ்டிக் பொட்டாஷ் என்னும் வேறொரு காரத்தின் கணக்கில், ஒரு கிராம் எண்ணெய்க்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிப்பது மரபு. தேங்காயெண்ணெய்க்கு அது 257 அளவில் இருக்கும். பொட்டாஷ் மூலக்கூறு சோடா மூலக்கூறைவிட 1.4 மடங்கு கனமானது என்பதால், சோடாவுக்கு மாற்றும்போது அந்த எண்ணை 1.403-ஆல் வகுக்க வேண்டும். வகுக்காமல் அப்படியே எடுத்து எழுதியதன் பலனே 25.7. அதன்படி செய்தால் நூறு கிராம் எண்ணெய்க்கு ஏழு கிராமுக்கு மேல் காஸ்டிக் சோடா, சேர்வதற்கு ஒரு கொழுப்பமிலமும் கிடைக்காமல், சோப்புக்குள்ளேயே நின்றுவிடும். அதைத் தோலில் தேய்க்கலாகாது.

இன்னொரு தவறு இதைவிட நயவஞ்சகமானது. செய்முறையில் ஒரு கிலோ எண்ணெய் என்று இருக்க, கடையில் வாங்கிய ஒரு லிட்டரை அப்படியே ஊற்றிவிடுகிறோம். லிட்டர் தேங்காயெண்ணெயின் எடை சுமார் 920 கிராம்தான். ஒரு கிலோவுக்கு ஐந்து சதவீத சூப்பர்ஃபேட்டுடன் அளந்த காரம் ஏறத்தாழ 174 கிராம். 920 கிராம் எண்ணெய் ஏற்கக்கூடியதோ 168 கிராம். பாதுகாப்புக்கென்று வைத்த மிச்சம் முழுவதும் கரைந்து, அதற்கு மேலும் ஐந்தாறு கிராம் காரம் எஞ்சிவிடுகிறது. சோப்பு பார்வைக்குக் குற்றமில்லாமலே இருக்கும்.

அட்டவணைக்கு அட்டவணை சிறு வித்தியாசங்கள் இருப்பதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை, ஏனென்றால் எண்ணெய் ஓர் இயற்கைப் பொருள். உலக உணவு வேளாண்மை ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அமைப்பின் தாவர எண்ணெய்த் தர ஆவணத்தை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் தேங்காயெண்ணெயின் எண் 248 முதல் 265 வரை இருக்கலாம் என்று காண்கிறது. சோடாவின் கணக்கில் இது நூறு கிராமுக்கு 17.7 முதல் 18.9 வரை. ஐந்து சதவீதம் குறைத்த 17.4 என்பது இந்த எல்லையின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கும் கீழே இருப்பதைக் கவனியுங்கள். சூப்பர்ஃபேட் என்பது தோலுக்கு மென்மை தருவதற்காக என்று மட்டுமே பலரும் சொல்கிறார்கள். நம் கையிலிருக்கும் எண்ணெய் எந்த மரத்துத் தேங்காயில் பிறந்ததாயினும் காரம் மிஞ்சாது என்னும் காப்புறுதியே அதன் முதல் பயன் என்று நான் கருதுகிறேன்.

எண்ணெயும் காரநீரும் கலப்பதைக் கண்ணால் பார்ப்பதும் ஓர் அனுபவந்தான். நீரும் எண்ணெயும் ஒட்டாதவை. ஆகையால் ஆரம்பத்தில் அவை தொட்டுக்கொள்ளும் எல்லைப்பரப்பில் மட்டுமே, மிக மந்தமாக, வினை நிகழ்கிறது. ஆனால் அங்கே பிறக்கும் சோப்பு, ஒரு முனையால் நீரையும் மறு முனையால் எண்ணெயையும் பற்றுகிற சுபாவம் உடையதாதலால், எண்ணெயைச் சிறு சிறு துளிகளாக உடைத்து நீரில் நிறுத்திவிடுகிறது. துளி சிறுக்கச் சிறுக்க எல்லைப்பரப்பு பெருகுகிறது. பரப்பு பெருகப் பெருக இன்னும் சோப்பு விளைகிறது. விளைந்த சோப்பு மேலும் எண்ணெயை உடைக்கிறது. தான் பெற்றெடுத்த பொருளையே துணையாகக் கொண்டு வேகம் பிடிக்கும் இந்த வினையில், நெடுநேரம் ஒன்றுமே நடவாததுபோல் இருந்த கலவை, சற்றைக்கெல்லாம் தயிர்ப் பதத்துக்குத் திரண்டு, கரண்டியிலிருந்து விழும் இழை மேற்பரப்பில் தடமாக நிற்கும் நிலையை அடைகிறது. ட்ரேஸ் வந்துவிட்டது என்று செய்கிறவர்கள் சொல்வது இதைத்தான். பழைய சோப்பைச் சிறிது சீவிக் கலவையில் சேர்த்துக்கொண்டால் ட்ரேஸ் சீக்கிரம் வருவதற்கும் இதுவே காரணம்.

செய்முறைகளோடு சேர்ந்து வரும் ஆர்ப்பாட்டமான வாக்குறுதிகளை நான் ஏற்பதற்கில்லை. கெமிக்கல் இல்லாத சோப்பு என்று ஒன்று கிடையாது. காரமின்றிச் சோப்பில்லை, சோப்பே ஒரு ரசாயனந்தான். தோலின் அமிலத்தன்மைக்கு இசைந்து பி.எச். 5.5 அளவில் இருக்கும் வீட்டுச் சோப்பு என்பதும் மெய்யன்று. உண்மையான சோப்பின் பி.எச். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் இருக்கும், அதை 5.5-க்குத் தாழ்த்தினால் சோப்பு பிரிந்து மீண்டும் கொழுப்பமிலமாகிவிடும். ஆறு வாரம் காய வைத்து க்யூரிங் செய்தால் மிஞ்சிய காரம் தானே போய்விடும் என்பது இவை எல்லாவற்றிலும் தீமை மிக்கது. வினை பெரும்பாலும் முதல் இரண்டொரு நாளிலேயே முடிந்துவிடுகிறது. பிந்திய வாரங்களில் முக்கியமாக நீர் வற்றிச் சோப்பு இறுகுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பிலிருக்கும் காரத்தைச் சோடாச் சாம்பலாக்கலாமே தவிர, அளவு தவறிச் சேர்த்த காரத்தைக் காலம் திருத்திவிடாது. கிளிசரின் வீட்டுச் சோப்பில் தங்குகிறது, பெரிய ஆலைகளில் அதைப் பிரித்தெடுத்துத் தனியே விற்கிறார்கள் என்பது மட்டும் முழு உண்மை.

காரத்தைக் கையாள்வதில் சில நியதிகளுக்கு விலக்கே இல்லை. தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும்; காஸ்டிக் சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணியாமல் தொட வேண்டாம். தோலில் பட்டுவிட்டால் வினிகரைத் தேடாமல், குழாயைத் திறந்து நிறையத் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் அவ்வாறே கழுவிக்கொண்டு தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஆகவே, கேள்வி கேட்ட வாசகிக்கும், அவரைப் போல் சோப்புச் செய்து அந்த முறையை ஊரறிய எழுதுகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். எந்தச் செய்முறையையும் அதன் படத்தைப் பார்த்து நம்பாதீர்கள். அதிலுள்ள எண்ணெய்களைக் கணிப்பானில் இட்டு, சோடாவா பொட்டாஷா என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, நீங்களே ஒருமுறை கணக்குப் போடுங்கள். நீங்கள் எழுதும்போது அளவுகளைக் கிண்ணத்திலும் கரண்டியிலும் சொல்லாமல் கிராமில் சொல்லுங்கள். எந்தக் காரம், எத்தனை சதவீத சூப்பர்ஃபேட் என்பதையும் மறவாமல் குறியுங்கள். வாசனைத் தைலத்துக்கும் அழகிய மோல்டுகளுக்கும் செலவிடுமுன், ஒரு கிராம் வரை பிழையின்றிக் காட்டும் தராசு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.