கள்வர் மன்னன் திருந்திய கதை

சித்திரக் கதை படிப்பதையே வீண் பொழுதுபோக்கு என்று கடிந்துகொள்ளும் பெரியவர்கள் உண்டு. அக்கதையில் நேர்ந்த ஒரு மாற்றத்திற்காக ஒரு மாணவி மனம் வருந்தினாள் என்றால் அவர்கள் நகைக்கவும் கூடும். ஆயினும், 1893ஆம் ஆண்டு ஆர்தர் கோனன் டாயில் தம்முடைய துப்பறியும் நிபுணர் ஷெர்லாக் ஹோம்ஸை ஓர் அருவியில் வீழ்த்திக் கதையை முடித்தபோது, இங்கிலாந்தில் வளர்ந்த மனிதர்களே கோபக் கடிதங்கள் எழுதினார்கள். பத்தாண்டு கழித்து, 1903இல், ஆசிரியர் அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவரும்படி ஆயிற்று. ஆகவே என் வருத்தத்தைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

என் வருத்தம் ஸ்பைடரைப் பற்றியது. திரைப்படங்களில் சுவரேறும் ஸ்பைடர்மேன் அல்லன், இவன் வேறு. 1965ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘லயன்’ என்னும் ஆங்கிலச் சிறுவர் வார இதழில் பிறந்தவன். கதையை எழுதியவர் டெட் கோவன். படம் வரைந்தவர் ரெக் பன். பெயர் ஒற்றுமை பாருங்கள், தமிழில் இவனை நமக்குத் தந்ததும் சிவகாசியிலிருந்து 1984இல் தொடங்கப்பெற்ற ‘லயன் காமிக்ஸ்’தான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1972இல், ‘முத்து காமிக்ஸ்’ அங்கிருந்து வரத் தொடங்கிவிட்டது. எங்கள் அப்பா பள்ளி மாணவராக இருந்தபோது திண்டுக்கல் பேருந்து நிலையக் கடையில் வாங்கிச் சேர்த்தவை ஒரு தகரப் பெட்டி நிறைய வீட்டில் உள்ளன. அட்டை கிழிந்தவை பாதி, கடைசிப் பக்கம் இல்லாதவை மீதி.

ஸ்பைடர் கூரிய காதும் ஒட்டிய கன்னமும் கருப்பு உடையுமாக, கண்டாலே நடுக்கம் தரும் உருவம். அவனிடம் வலை வீசும் துப்பாக்கி உண்டு, மயக்கவாயு உண்டு, பறக்கும் ஊர்தியும் உண்டு. நியூயார்க் நகரின் குற்றவாளிகள் அனைவருக்கும் தானே மன்னனாக வேண்டும் என்பது அவன் குறிக்கோள். பெட்டகங்களைத் திறப்பதில் வல்லவனான ராய் ஆர்டினியும், கருவிகள் செய்யும் பேராசிரியர் பெல்ஹாமும் அவனுடைய கையாட்கள். (நம்மூர் மாங்காய்ப் பூட்டை ஆர்டினியிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.) கதாநாயகனே திருடன்! அதுதான் புதுமை. இவன் பிடிபடுவானா, பிடிபட வேண்டும் என்று நாம் விரும்புகிறோமா என்று நம் மனத்தையே நாம் சோதித்துக்கொண்டு படிக்கவேண்டியிருக்கும்.

இந்த ஸ்பைடர் விரைவிலேயே மாறிவிட்டான். போட்டிக்கு வந்த பிற குற்றவாளிகளை எதிர்க்கத் தொடங்கியவன், பிறகு குற்றத்தையே ஒழிக்கும் வீரனாகிவிட்டான். அதே உடை, அதே ஆணவம். அணி மட்டும் வேறு.

மாற்றத்தின் பின்னணியை அறிந்தபோது வியப்பாக இருந்தது. கோவனுக்குப் பின் ஸ்பைடரை எழுதியவர் ஜெர்ரி சீகல் என்னும் அமெரிக்கர். ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர் இவரே. 1933இல் இவர் எழுதிய முதல் சூப்பர்மேன் ஒரு கொடியவன்! அவனை அப்படியே விட்டுவிட்டு, அதே பெயரில் ஒரு நல்லவனைப் படைத்து, அவன் 1938இல் அச்சேறி உலகப் புகழ் பெற்றான். கெட்டவனை நல்லவனாக்கி ஒருமுறை வென்றவர் மறுமுறையும் அதையே செய்ததில் என்ன வியப்பு? அக்காலத்தில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1954 முதல் தமக்குத் தாமே ஒரு விதித்தொகுப்பு வகுத்துக்கொண்டிருந்தனர்; நன்மையே வெல்லவேண்டும், குற்றவாளியைக் கவர்ச்சியாகக் காட்டலாகாது என்பன அவ்விதிகள். இங்கிலாந்து இதழை அவை கட்டுப்படுத்தவில்லை. ஆனால் அந்த எழுத்தாளர் அந்தக் காற்றை சுவாசித்தவர்.

திருடன் திருந்தினால் மகிழத்தானே வேண்டும், அதிலும் கன்னியர் நடத்தும் பள்ளியில் படிக்கும் பிள்ளை இப்படி எழுதலாமா என்று அன்னையர் கேட்கலாம். அவன் திருந்தியதில் எனக்குக் குறையில்லை. ஒரு விலையும் கொடாமல் திருந்தியதில்தான் குறை. விவிலியத்தில் சக்கேயு அத்திமரத்திலிருந்து இறங்கி வந்து, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான் படித்த கதைகளில் ஸ்பைடர் ஒரு காசும் திருப்பித் தரவில்லை. எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. திருட்டைவிடத் திருடர்களை வெல்வது பெரிய சவால் என்று தோன்றியது, மாறிவிட்டான். அவ்வளவே.

எங்கள் தெருவில் சிறை சென்று மீண்ட ஒருவர் இருந்தார். பூட்டு வேலை தெரிந்தவர். ஆனால் திருடிய கையில் சாவியைக் கொடுப்பதா என்று எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை. பல ஆண்டுகள் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினார். திருந்துவது என்றால் அதுதான் என்று நினைக்கிறேன். நகரமே ஒரே வாரத்தில் கைதட்டி வரவேற்பதைப் படித்தால் அவர் என்ன நினைப்பார்?

அப்பா இதை ஒப்புக்கொள்வதில்லை. “பத்து வயதுப் பையன் ஒன்றரை மணி நேரத்தில் படித்து முடிக்கிற புத்தகத்தில் இவ்வளவு தேடினால் எப்படியம்மா?” என்கிறார். அவருக்கு நல்ல ஸ்பைடரைத்தான் பிடிக்கும்.

ஆனால் அதே பெட்டியில் எனக்குச் சான்றாக மற்றொருவர் இருக்கிறார்: இரும்புக்கை மாயாவி. 1962இல் ‘வேலியன்ட்’ இதழில் தோன்றி, முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தவர். லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பெறுகிறார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அவரும் முதலில் தீய வழியில் இறங்கியவரே. பின்னர்தான் நிழற்படையின் உளவாளியானார். ஆனால் அந்தக் கை மறைவதே இல்லை. எவ்வளவு நன்மை செய்தாலும், பார்ப்பவர்க்கு முதலில் தெரிவது பழைய கைதான். ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர் வரைந்த அந்த முகத்தில் ஒரு களைப்பும் இருக்கும்.

எங்கள் பெட்டியில் மாயாவி நான்கே உள்ளன, அவற்றுள் இரண்டு முழுமையில்லை. தோழியர் எவர் வீட்டுப் பரணிலாவது பழைய மாயாவி இருந்தால், ஒன்றுக்கு இரண்டு ஸ்பைடர் தர நான் தயார். அப்பாவிடம் மட்டும் சொல்லாதீர்கள்.