தனி மேடையும் என் கீபோர்டும்

சென்ற பொங்கல் விழாவில் என் கீபோர்டு வாசிப்பைக் கேட்ட அன்பர்களுக்கு இக்கட்டுரைக்கு முன்னுரை வேண்டியதில்லை. கேளாதவர்க்குச் சொல்கிறேன். மோகனத்தை நன்றாகத்தான் தொடங்கினேன். ஐந்தாம் நிமிடத்தில் மின்சாரம் போயிற்று. சில நொடிகளில் திரும்பியும் வந்தது. ஆயின், வந்த பிறகு கருவி என் பேச்சைக் கேட்கவில்லை. வீணை ஒலி போய்ப் பியானோ ஒலி வந்திருந்தது. இரண்டு கட்டைக்கு ஏற்றி வைத்த சுருதி ஒரு கட்டைக்கு இறங்கிவிட்டது. கைப்பேசியில் ஓடிய தம்பூராவோ தன் பேட்டரியின் தயவால் இரண்டு கட்டையிலேயே உறுதியாக நின்றது! போதாக்குறைக்கு, பெடலை மிதித்தால் ஒலி அறுந்தது. காலை எடுத்தால் நீண்டது. முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் மெல்லக் காதைத் தடவிக்கொண்டார்.

கச்சேரிக் குழுவில் இப்படி நேர்ந்தால் மிருதங்கக்காரர் இரண்டு ஆவர்த்தனம் தாமே வாசித்து மானத்தைக் காப்பார். தனியாக வாசிப்பவனுக்கு அந்தத் துணை இல்லை. எது எங்கே கெடும் என்று முன்பே எண்ணிப் பார்த்து அமைப்பதுதான் தனி மேடைக்குரிய அமைப்பு என்பதை அன்று கற்றேன்.

நடந்தது என்ன? கீபோர்டு ஒரு சிறு கணினியே. மின்சாரம் அற்று மீண்டும் விழிக்கும்போது பல கீபோர்டுகள் நாம் செய்த மாற்றங்களை மறந்து, முதல் ஒலியோடும் இயல்பான சுருதியோடுமே விழிக்கின்றன. பெடலின் கதை இன்னும் வேடிக்கையானது. பெடல் வெறும் சுவிட்சுதான். ஒரு நிறுவனத்தின் பெடல் மிதிக்கும்போது மின்சுற்றை இணைக்கும். மற்றொன்றின் பெடல் மிதிக்கும்போது சுற்றைத் துண்டிக்கும். எவ்வகைப் பெடல் மாட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கீபோர்டு உயிர்பெறும் நொடியிலே பார்த்து, அப்போதுள்ள நிலையே மிதிக்காத நிலை என்று கொள்கிறது. இருட்டில் என் கால் பெடலின் மேல் இருந்தது! காலை எடுத்துவிட்டு ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் சரியாகியிருக்கும். அன்று அது எனக்குத் தெரியாது.

இப்போது ஒலி, சுருதி, பாடலுக்கேற்ற பிற அமைப்பு அனைத்தையும் கருவியின் நினைவில் பதிந்து வைத்திருக்கிறேன். ஒரு பொத்தானில் திரும்பிவிடும். கணினிக்கு வைக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றும் வாங்கினேன். கீபோர்டும் மிக்ஸரும் குறைந்த மின்சாரமே உண்பவை; ஆகவே அது தாங்கும். பெரிய ஒலிபெருக்கியை அதில் மாட்ட வேண்டா.

அடுத்தது இரைச்சல். மண்டபங்களில் 'உம்ம்' என்று ஓயாமல் கேட்குமே, அது நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். கீபோர்டிலிருந்து மேடை மூலையிலுள்ள மிக்ஸருக்குச் சாதாரண கேபிளை நீளமாக இழுத்தால் வழியிலுள்ள இரைச்சலெல்லாம் அதில் ஏறும். கீபோர்டும் லேப்டாப்பும் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறொரு பிளக்கிலும் இருந்தால், இரண்டு எர்த்துகளுக்கும் இடையே ஒரு வளையம் உண்டாகி இரைச்சல் கூடும். மருந்து, டிஐ பாக்ஸ் என்னும் சிறு பெட்டி. கீபோர்டிலிருந்து மூன்று மீட்டர் கேபிள் அதற்கு. அதிலிருந்து மைக்குக்குப் போடும் கேபிள் மிக்ஸருக்கு. அந்த இரண்டாம் கேபிளில் ஒரே ஒலி இரு கம்பிகளில், ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் செல்கிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோலவே சேரும். மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க, இரைச்சல் நீங்கி இசை நிற்கும். பெட்டியில் எர்த் இணைப்பை விலக்கும் சுவிட்சும் உண்டு. இரைச்சலைப் போக்க மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்துவிடு என்று எவரேனும் சொன்னால், கேளாதீர். இரைச்சல் போகும்; கருவியில் கசிவு இருந்தால் உயிரும் போகும்.

கருவியின் பின்னே இடம், வலம் என இரண்டு துளைகள் உண்டு. மண்டபத்து ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் கலந்தே தருகின்றன. அப்படிக் கலந்தால் பியானோ ஒலி சில இடங்களில் தன்னையே அழித்துக்கொண்டு உள்ளீடற்றுக் கேட்கும். 'மோனோ' என்று எழுதிய துளையொன்றே போதும்.

லேப்டாப் வைத்து வாசிக்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 1983இல் வந்த மிடி முறைப்படி கீபோர்டு லேப்டாப்புக்கு ஒலியை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்னும் செய்தியையே அனுப்புகிறது. ஒலியை லேப்டாப் செய்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் 256 மாதிரி பஃபர் வைத்தால் அதற்கு மட்டும் ஐந்து மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும். ஒலிபெருக்கி இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருப்பது போன்றது. விரல் பொறுக்கும். 1,024 வைத்தால் ஏழு மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்பது போலாகும், விரல் தடுமாறும். என் எண்ணம், முதல் மேடைக்கு லேப்டாப் வேண்டா. கெடக்கூடிய பொருள் ஒன்று குறையும்.

நம் இசைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கமகம் வராது என்று குறை கூறி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தையே ஒதுக்கி வைத்திருந்தது. கீபோர்டின் இடப்பக்கச் சக்கரம் அக்குறையை ஓரளவு தீர்க்கிறது. வழக்கமாக இரண்டு அரைச்சுரம் ஏற்றவும் இறக்கவும் செய்யும். ஆயின் இடக்கை சக்கரத்தில் இருந்தால் கட்டையில் இராது. ஆகவே கமகமா, இடக்கைத் துணைச்சுரமா என்பதைப் பாட்டுக்குப் பாட்டு முடிவு செய்தாக வேண்டும். நான் கமகத்தைக் கொண்டேன். அதனால்தான் தம்பூராவைக் கைப்பேசிக்குக் கொடுத்தேன். சுருதி மாறினால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பது இப்போது மறப்பதில்லை.

போடும்போது கீபோர்டு, மிக்ஸர், கடைசியாக ஒலிபெருக்கி. அணைக்கும்போது ஒலிபெருக்கி முதலில். பையில் மாற்றுக் கேபிள் ஒன்று, அடாப்டர் ஒன்று, பெடல் கேபிளைத் தரையில் ஒட்ட நாடா ஒன்று. தில்லியின் தை மாதக் குளிரில் விரல் மரத்துப்போகும். மேடையேறும் வரை சூடான தேநீர்க் குவளையைப் பிடித்திருப்பது என் வழக்கம்.

வரும் விழாவில் தனியாக வாசிக்க விரும்பும் நண்பர்கள் விடுதியில் என் அறைக்கு வரலாம். டிஐ பாக்ஸ் இரண்டு இருக்கின்றன. யூபிஎஸ் ஒன்றுதான், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.