பெங்களூர்ப் பெயர் பூண்ட குழாய்

பெங்களூரில் வாழும் நம்மவர்க்குச் சர்ச்சிலின் கடன் தெரிந்த கதை. 1896-இல் இளம் குதிரைப்படை அதிகாரியாக இங்கு வந்த அவர், கட்டாமற்போன 13 ரூபாய், இன்று பெங்களூர் கிளப் எனப்படும் சங்கத்தின் 1899-ஆம் ஆண்டு ஏட்டில் வாராக் கடனாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால், அவர் பிரிட்டிஷ் பிரதமராயிருந்த காலத்தில், 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் நேசநாட்டுப் படைகளுக்கு வழி திறந்த கருவிகளுள் ஒன்று இவ்வூரில் பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

அதன் பெயர் 'பெங்களூர் டார்ப்பிடோ'. கடலில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்ப்பிடோ அன்று இது; வெடிமருந்து அடைத்த உலோகக் குழாய், அவ்வளவே. முள்கம்பி வேலியை அருகே சென்று வெட்டும் வீரன் எதிரியின் துப்பாக்கிக்கு எளிய இலக்காவான். வேலியிலேயே உயிர் விட்டோர் எத்தனை பேர்! குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, மறைவிடத்தில் படுத்தபடியே வேலிக்கடியில் செலுத்தி வெடிக்கச் செய்தால், கம்பிகள் சிதறி வழி பிறக்கும். அமெரிக்கர் நார்மண்டிக்குக் கொண்டுசென்ற குழாய் ஒவ்வொன்றும் ஐந்தடி நீளம்.

1912-இல் இதனை அமைத்தவர் கேப்டன் மக்ளின்டாக் என்னும் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி. அவர் பணியாற்றிய மதராஸ் சாப்பர்ஸ் படை 1780-இல் தோன்றியது. பாலம் அமைப்பதும் தடை தகர்ப்பதுமே அதன் தொழில். அதன் தலைமையிடம் இன்றும் அலசூர் ஏரியை அடுத்தே உள்ளது. தமிழர் பலர் பணிபுரிந்த அப்படையினரை இராணுவத்தார் அழைக்கும் பெயர், 'தம்பி'.