இணையச் சந்தையில் தரகுக் கணக்கு

விற்பவரிடம் தரகு கொள்ளுதல் பழைய வழக்கே. எத்தொகையின்மீது அது கணிக்கப்படுகின்றது என்பதே இணையச் சந்தையில் ஊன்றி நோக்கற்பாலது. 2005 இல் நியூயோர்க்கின் புரூக்ளினிலே தோன்றிய எட்ஸி என்னும் கைவினைப்பொருட் சந்தை இதற்குத் தக்க சான்றாகும். ஆங்கு ஒரு பொருளை நான்கு மாதம் பட்டியலிடுதற்கு 20 சதம்; விற்றபின் நூற்றுக்கு 6.5 வீதம் தரகு. 2022 ஏப்பிரலுக்கு முன் இது 5 வீதமாயிருந்தது. உயர்வை எதிர்த்து விற்பனையாளர் பலர் ஒரு வாரம் கடையடைத்தனர். அமெரிக்க விற்பனையாளர் பணம் பெறுதற்கு மேலும் 3 வீதமும் 25 சதமும் இறுக்கின்றனர்.

20 டொலர்ப் பொருளை 5 டொலர் அஞ்சற் செலவோடு விற்பவருக்கு, விற்பனை வரியை நீக்கிப் பார்ப்பினும், கட்டணம் 25 டொலருக்கே கணிக்கப்படும்: தரகு 1.63, பணம் பெறுதற்கு 1.00, பட்டியலுக்கு 0.20, ஆக 2.83 டொலர். அஞ்சலுக்குச் செல்லும் பணத்தில் அவருக்கு ஒரு சதமேனும் ஊதியமில்லை; ஆயினும் அதற்கும் தரகுண்டு. அஞ்சல் இலவசமென்று கூறி அச்செலவை விலையிலே சேர்த்தாலும் கணக்கு மாறாது. அடக்கவிலை 15 டொலராயின், மிஞ்சவேண்டிய 5 டொலரிற் பாதிக்கு மேல் கழிந்து, 2.17 டொலரே கையிற் சேரும். இதனை ஈடுசெய்ய விலையை 2 டொலர் உயர்த்தினும் அதில் அவருக்கு வருவது 1.81 டொலரே.