சரித்திரப் பட்டதாரியும் கல்வராயன் மலையும்

"சரித்திரம் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்னும் கேள்வியைக் கேளாத சரித்திர மாணவன் நம் நாட்டில் இல்லை. பெற்றோர் கேட்கின்றனர், உறவினர் கேட்கின்றனர், பெண் கொடுக்க வருவோரும் கேட்கின்றனர். வர்த்தகம், கம்ப்யூட்டர், ரசாயனம் ஆகிய வகுப்புக்களில் இடம் கிடைக்காதவர் ஒதுங்கும் சத்திரமாகச் சரித்திர வகுப்பைக் கருதும் வழக்கம் நம் கலாசாலைகளில் வேரூன்றிவிட்டது. கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இவ்வழக்கம் நம்மை அதிகமாக வருத்துகின்றது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோர் நிறைந்த ஜில்லா அது. அங்கே ஒரு பட்டம் வீணாயிற்று என்றால் ஒரு குடும்பத்தின் பல வருஷத்து உழைப்பு வீணாயிற்று என்று பொருள். ஆகவே, மேற்படி கேள்வியை ஏளனமென்று தள்ளிவிடாமல், வயிற்றை முன்னிட்டும் தேசத்தை முன்னிட்டும் விடை தேடுவது நம் கடமையாகின்றது.

முதலில் ஒரு செய்தியை நேயர்களுக்கு நினைவூட்டுகின்றோம். அசோக சக்கரவர்த்தியின் சாசனங்களில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்றொரு கூட்டத்தாரும் கூறப்படுகின்றனர். இவர் யாவர், எந்நாட்டை ஆண்டவர் என்று பெரும் பண்டிதர்கள் பல்லாண்டுகள் வாதித்தார்கள். விடை திருக்கோவலூருக்கு அருகே ஜம்பைக் குன்றில், ஒரு குகைப்பாறையில் கிடந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்று கூறும் பழந்தமிழ் எழுத்துச் சாசனம் 1981-ல் வெளிப்பட்டது. அதைக் கண்டவர் வெளிநாட்டுப் பேராசிரியர் அல்லர். சர்வகலாசாலைத் தலைவரும் அல்லர். தமிழ்நாடு தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பயிற்சி நிலையத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர்! கண்ணும் காலும் பயிற்சியும் உள்ள ஓர் இளைஞனுக்கு இந்தப் பிரதேசம் எதை வைத்திருக்கின்றது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை. அதே திருக்கோவலூர் மலையமான்களின் ஊர். கபிலர் உயிர் நீத்த செய்தியைச் சோழர் சாசனம் தாங்கி நிற்கும் ஊர். தியாகதுருகத்துக் கோட்டைக்காகப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கர்நாடக யுத்தத்தில் மோதினர். ஆயினும், நம் பாடத்திட்டத்தில் பிரெஞ்சுப் புரட்சியைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் மாணவன், தன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கோட்டையைப் பற்றி ஒரு வரியும் படிப்பதில்லை.

இனி ஜீவனோபாயத்துக்கு வருவோம். சரித்திரம் படித்தவன் ஆசிரியனாகலாம் என்பது யாவரும் அறிந்தது. எம். ஏ.யுடன் பி. எட். பெற்றவர் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதி மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியராகலாம். கலாசாலை ஆசிரியராக விரும்புவோர் 'நெட்' என்னும் தேசியத் தகுதித் தேர்விலாவது, 'செட்' என்னும் மாநிலத் தேர்விலாவது தேற வேண்டும். நெட் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெறுவோருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளமும் உண்டு. ஆனால் இந்த ஒரு வாயிலிலேயே எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்பதுதான் நாம் காணும் பிசகு. காலியிடங்கள் எப்பொழுது நிரப்பப்படுமோ, யார் அறிவார்? கௌரவ விரிவுரையாளர் என்னும் பெயரில், கௌரவம் மிகுதியாகவும் சம்பளம் குறைவாகவும் பெற்று, வயதைக் கழிக்கும் எம். ஏ.க்களை நாம் எங்கும் பார்க்கின்றோம்.

சர்க்கார் உத்தியோகப் பரீட்சைகளில் சரித்திர மாணவனுக்கு இயற்கையிலேயே ஒரு பலம் இருக்கின்றது. மத்திய தேர்வாணையத்தின் சிவில் சர்வீஸ் பரீட்சையில் எழுத்துத் தேர்வின் மொத்த மதிப்பெண் 1,750. அதில் சரித்திரத்தை விருப்பப் பாடமாக எடுப்பவர் 500 மதிப்பெண்களுக்குத் தம் சொந்தப் பாடத்தையே எழுதலாம். பொது அறிவுத் தாளிலும் தேச சரித்திரம் வருகின்றது. பிரதான தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் முதனிலைத் தேர்வின் வினாத்தாள் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலுமே அச்சிடப்படுகின்றது. எழுதுவதற்குத் தமிழ் தகுதியுடையது, வினவுவதற்குத் தகுதியற்றது என்னும் இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை. அம்முதனிலைத் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேருக்கு, மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தமிழ்நாடு சர்க்கார் 'நான் முதல்வன்' திட்டத்தின் மூலம் உதவி வருகின்றனர். மாநிலத் தேர்வாணையத்தின் பரீட்சைகளில் தமிழ்நாட்டுச் சரித்திரமும் பண்பாடும் தனிப் பகுதியாகவே உள்ளன. தமிழை வாயிலாகக் கொண்டு படித்தவருக்கு மாநில உத்தியோகங்களில் 20 சதவீதம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. தமிழில் சரித்திரம் படித்ததற்காகத் தலை குனியும் இளைஞன் இந்தச் சட்டத்தை ஒருமுறை வாசிப்பானாக.

தொல்லியலும் ஆவணக் காப்பும் மற்ற இரு வழிகள். கீழடியில் 2015-ல் தொடங்கிய அகழாய்வுக்குப் பிறகு ஜனங்கள் மண்ணைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. தொல்லியல் துறையின் பயிற்சி நிலையம் முதுகலைப் பட்டதாரிகளை உபகாரச் சம்பளத்துடன் சேர்த்துக் கல்வெட்டும் அகழாய்வும் கற்பிக்கின்றது. மத்திய தொல்லியல் துறையார் கிரேட்டர் நொய்டாவில் இரண்டு வருஷப் பட்டயப் படிப்பு நடத்துகின்றனர். டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆவணப் பாதுகாப்பைக் கற்கலாம். 1972-ல் ஏற்பட்ட இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ச்சி மாணவருக்குப் பொருளுதவி செய்கின்றது. இவ்விடங்கள் சொற்பம் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. நூற்றில் ஒருவருக்குக் கிடைக்கலாம். எஞ்சியோர் என் செய்வது? இங்கேதான் கல்வராயன் மலை நம் கண்முன் வந்து நிற்கின்றது.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் செல்வோர் அருவியையும் குளிர்காற்றையும் கண்டு திரும்புகின்றனர். அம்மலையின் சரித்திரம் விநோதமானது. அங்கு வாழ்வோர் மலையாளிகள். பெயரைக் கேட்டுக் கேரள தேசத்தார் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அவர்கள் பேசுவது தமிழ், தம் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்கள் கூறும் வரலாறு. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாக மலை பிரிந்திருந்தது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் நிறைவேறிற்று. சமவெளியில் ஜமீன்தார்கள் மறைந்தார்கள். மலையில் ஜாகீர்தார்கள் நீடித்தார்கள். 1976-ல்தான் சர்க்கார் மலையைத் தம் வசம் எடுத்துக்கொண்டனர். தேசம் சுதந்திரம் பெற்று ஏறக்குறைய முப்பது வருஷம் சென்றபின் ஒரு மலைக்கு விடுதலை வந்தது! கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஜாகீர் அளிக்கப்பட்டது என்னும் செய்தியும் வழங்குகின்றது. அது செப்பேட்டுச் சான்றுடையதா, செவிவழிச் செய்தியா என்று ஆராய்ந்து எழுதுவது டாக்டர் பட்டத்துக்குரிய வேலை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுதுதான் நாட்டார் கல்வராயன் மலையின் பெயரைக் கேட்டனர். அதுவும் சாராயம் காய்ச்சும் இடமென்று கேட்டனர். சென்னை ஹைக்கோர்ட்டு தானாகவே வழக்கெடுத்து, மலைவாசிகளின் நிலையைப் பற்றிச் சர்க்காரை வினவிற்று. பாதை இல்லை, வைத்தியசாலை இல்லை, நிலவுரிமை இல்லை என்னும் குறைகள் வெளிவந்தன. பாதையைப் போடச் சர்க்கார் வேண்டும். வைத்தியசாலைக்கு டாக்டர் வேண்டும். நிலவுரிமைக்கு யார் வேண்டும்? சரித்திரம் அறிந்தவன் வேண்டும் என்கின்றோம்.

இது அலங்காரப் பேச்சன்று. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்னிருந்தே காட்டு நிலத்தை அனுபவித்து வரும் பழங்குடிக் குடும்பம், நான்கு ஹெக்டேர் வரையில் உரிமை கோரலாம். எதைக் கொண்டு நிரூபிப்பது? பட்டா இல்லாதவனிடம் பட்டாவைக் கேட்பதில் பயனில்லை என்று சட்டம் செய்தவர் உணர்ந்திருந்தனர். ஆகவே விதிகளில் பலவகைச் சான்றுகளை ஒப்புக்கொண்டிருக்கின்றனர்: ஜில்லா கெஜட்டியர்கள், ஜனத்தொகைக் கணக்குகள், சர்வே செட்டில்மெண்டு அறிக்கைகள், கோர்ட்டுத் தீர்ப்புகள், பழைய சமஸ்தானங்களும் இடைநின்ற அதிகாரிகளும் வைத்திருந்த பதிவுகள், கிணறு, இடுகாடு, தெய்வ ஸ்தலம், வம்சாவளி, முதியோர் வாக்குமூலம். இந்த ஜாபிதாவை நேயர்கள் மறுபடியும் படித்துப் பார்க்க வேண்டும். இவற்றுள் எது சரித்திர மாணவனின் தொழில் அல்ல? கார்ஸ்டின் 1878-ல் வெளியிட்ட தென்னார்க்காடு ஜில்லா மான்யுவலும், பிரான்ஸிஸ் 1906-ல் எழுதிய கெஜட்டியரும், லெ பானு 1883-ல் எழுதிய சேலம் மான்யுவலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடத்தக்கவை. வம்சாவளி எழுதுவதும், இடுகாட்டைக் குறிப்பதும், முதியவர் சொல்வதை அவர் சொன்னபடியே பதிவதும் பி. ஏ. மாணவனால் ஆகக்கூடியவை. ஆங்கிலேய அதிகாரி தன் வரி வசூலுக்காக எழுதிவைத்த புஸ்தகம், அதே மலைக்காரனின் பேரனுக்கு நிலத்தை மீட்டுக் கொடுக்கும் சாசனமாவது எத்தகைய விந்தை!

கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் பத்து முதல் பதினைந்து பேர் இருக்கலாம். அவர்களுள் ஒருவர் காரியதரிசி. மலையில் பிறந்து சரித்திரம் படித்த இளைஞன் அந்த ஸ்தானத்தில் அமர்ந்தால் கோரிக்கை மனுக்களின் தரமே மாறிவிடும். சம்பளமற்ற பணிதான், ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் அதில் பழகியவனுக்கு ஆராய்ச்சி நிலையங்களிலும், தொண்டு ஸ்தாபனங்களிலும், வக்கீல் தொழிலிலும் வரும் மதிப்பு வேறு எந்த வகுப்பறையிலும் வராது. பி. ஏ. சரித்திரத்துக்குப் பின் மூன்று வருஷச் சட்டப் படிப்புப் படிப்பவருக்கு நிலவழக்குகளே ஆயுள் முழுவதும் போதும்.

ஜில்லாவின் எல்லைக்கும் மனிதனின் உரிமைக்கும் உள்ள தொடர்பை வேறோரிடத்தில் காணலாம். பழங்குடிப் பட்டியலில் மலையாளிகள் எந்தெந்த ஜில்லாக்களில் பழங்குடியினராவர் என்று குறிப்பிட்டிருக்கின்றது: தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. இன்றைய கள்ளக்குறிச்சியின் பெயர் அதில் இல்லை. தென்னார்க்காடு 1993-ல் பிரிந்து விழுப்புரம் உண்டாயிற்று. விழுப்புரம் 2019-ல் பிரிந்து கள்ளக்குறிச்சி உண்டாயிற்று. இந்த வம்சாவளியால்தான் கல்வராயன் மலையாளிக்குச் சான்றிதழ் கிடைக்கின்றது. பழைய கோயம்புத்தூர் ஜில்லாவின் பெயர் பட்டியலில் இல்லாமையால், ஈரோட்டைச் சேர்ந்த பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளிகள் சான்றிதழுக்காக நெடுங்காலம் போராட நேர்ந்தது. சரித்திரம் செத்துப்போன ராஜாக்களின் கதை என்பவர் இதற்கு என்ன சொல்வர்?

மலைப் பிள்ளைகளுக்கு உதவித் திட்டங்கள் இல்லாமலில்லை. பழங்குடி மாணவரின் உயர்கல்விக்கு மத்திய சர்க்கார் ஆண்டுதோறும் 750 ஆராய்ச்சி உபகாரச் சம்பளங்களும், வெளிநாட்டுப் படிப்புக்கு 20 உதவிகளும் ஏற்படுத்தியிருக்கின்றனர். மத்திய உத்தியோகங்களில் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும், மாநில உத்தியோகங்களில் 1 சதவீதமும் ஒதுக்கீடு. ஆனால் இந்த வாயில்களுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை படிகள்! ஆங்கில நூலை வாசிக்கப் பயிற்சி இல்லை. ஆவணக் காப்பகம் ஒன்றை மூன்று வருஷத்தில் ஒருமுறையும் பார்ப்பதில்லை. கல்வெட்டின் மைப்படி எப்படி எடுப்பது என்று காட்டுவாரில்லை. கைடு புஸ்தகத்தைக் குருட்டுப் பாடம் செய்து பரீட்சையில் தேறிவிடுகின்றனர். குற்றம் மாணவரிடத்தில் மட்டும் இல்லை.

இந்த ஜில்லாவின் பொது ஊழியர்கள் கிளர்ச்சி செய்வதற்குரிய விஷயங்கள் இவை. கள்ளக்குறிச்சியிலும் திருக்கோவலூரிலும் உள்ள கலாசாலைகளில் சரித்திர பி. ஏ. வகுப்பின் மூன்றாம் வருஷத்தில் ஒரு பருவம் ஊராய்வுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் அளிக்கப்பட வேண்டும். ஜாகீர் காலத்துக் காகிதங்கள் எவரிடம் இருப்பினும் அவற்றைப் பிரதி எடுத்து வைக்க வெள்ளிமலையில் ஓர் அறையேனும் வேண்டும். வன உரிமை மனுக்களைத் தயாரிப்பதில் பயிற்சி பெற்ற பட்டதாரிகளைச் சம்பளம் கொடுத்து நியமிக்கும்படி பழங்குடியினர் நலத் துறையாரைக் கேட்க வேண்டும். நிலம் அளப்பதற்கு ஆள் வைக்கும் சர்க்கார், நிலத்தின் வரலாற்றை அறிவதற்கு ஆள் வைக்க மாட்டோம் என்று சொல்ல நியாயமில்லை.

ஜாகீர் ஒழிந்த 1976-ல் இருபது வயது வாலிபராயிருந்தவர் இப்பொழுது எழுபதை எட்டியிருப்பார். ஜாகீர்தாருக்கு என்ன கொடுத்தார்கள், எந்த மேட்டில் யார் உழுதார்கள், எந்த ஓடை எந்த ஊருக்கு எல்லை என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கின்றன. வரும் கோடை விடுமுறை இரண்டு மாதம். பேராசிரியர் ஒருவரும் மாணவர் பத்துப் பேரும் நோட்டுப் புஸ்தகத்துடன் மலையேறுவதற்கு எந்த சர்க்காரின் உத்தரவும் தேவையில்லை.