மருத்துவர் குறைக்கச் சொல்லும் சர்க்கரை, சைக்கிள் பந்தயத்தில் எரிபொருளாவது எப்படி? அமெச்சூர் வீரர்களின் உணவு குறித்த ஒரு விளக்கம்

புது தில்லி: வார நாள்களில் அலுவலகம், வார இறுதியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பயணம் என்பது பெங்களூரு, புனே, மும்பை, தில்லி உள்ளிட்ட நகரங்களில் ஆயிரக்கணக்கானோரின் பழக்கமாகிவிட்டது. பெங்களூருவிலிருந்து விடியும் முன்பே நந்தி மலைக்குப் புறப்படும் குழுக்களில் தொடங்கி, புனேயிலிருந்து கோவா வரை சுமார் 640 கி.மீ. நீளும் டெக்கான் கிளிஃப்ஹேங்கர் பந்தயம் வரை இதன் எல்லை விரிந்துள்ளது. 200 கி.மீ. தொலைவைப் பதிமூன்றரை மணி நேரத்திலும், 600 கி.மீ. தொலைவை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டிய 'பிரவே' பயணங்களும் நாடு முழுவதும் நடைபெறுகின்றன. இவை பந்தயம் அல்ல என்று விதிகள் கூறினாலும், பங்கேற்போர் கடிகாரத்துடன் போட்டியிடுகின்றனர் என்பதே உண்மை.

இவர்களில் பெரும்பாலோருக்குப் பின்தொடரும் வாகனமோ, உணவியல் வல்லுநரோ இல்லை. நண்பர்கள் கூறுவதையும் விளம்பரங்களில் காண்பதையும் வைத்தே என்ன உண்பது என முடிவு செய்கின்றனர். இதில் இந்தியாவுக்கே உரிய ஒரு சிக்கலும் உள்ளது. நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாற்பது வயதை நெருங்கும் பலர் சைக்கிளை வாங்குவதே ரத்தச் சர்க்கரை அறிக்கையைப் பார்த்த பிறகுதான். சர்க்கரையையும் சோற்றையும் குறைக்குமாறு அவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. ஆனால், நான்கு மணி நேரப் பயணத்தின் முடிவில் உடல் கேட்பதோ அதே சர்க்கரையைத்தான். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் வெறும் தண்ணீருடன் நெடுந்தொலைவு செல்வோரே வழியில் தளர்ந்து நிற்கின்றனர்.

உடலின் இருப்பு எவ்வளவு?

நாம் உண்ணும் மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. பயிற்சி பெற்ற ஒருவரின் தசைகளில் 400 முதல் 500 கிராம் வரையிலும், கல்லீரலில் 100 கிராம் அளவிலும் இது இருக்கும். இரண்டும் சேர்ந்து தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 2,000 கிலோ கலோரி மட்டுமே. கொழுப்பின் இருப்பு இதைப்போல் பல மடங்கு என்றபோதிலும், அதிலிருந்து ஆற்றல் மெதுவாகவே கிடைக்கிறது. ஏற்றத்திலும், குழுவின் வேகம் கூடும்போதும் தசைகள் முதலில் நாடுவது கிளைக்கோஜனைத்தான்.

செலவைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. மிதிக்கும் ஆற்றலை அளக்கும் பவர் மீட்டர் காட்டும் கிலோ ஜூல் எண்ணிக்கையை அப்படியே கிலோ கலோரி என்று கொள்ளலாம். ஒரு கிலோ கலோரி என்பது 4.18 கிலோ ஜூல். உடல் செலவிடும் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவானதே பெடலைச் சென்றடைகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுசெய்துவிடுகின்றன. சராசரியாக 150 வாட் ஆற்றலுடன் ஒரு மணி நேரம் மிதித்தால் 540 கிலோ ஜூல். அதாவது சுமார் 540 கிலோ கலோரி. ஐந்து மணி நேரத்துக்கு 2,700. இதில் ஒரு பகுதியைக் கொழுப்பு ஏற்றுக்கொண்டாலும், வெளியிலிருந்து எதுவும் வராவிட்டால் கிளைக்கோஜன் இருப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும்.

அதிலும் கல்லீரல் இருப்பு முக்கியமானது. இரவு உணவுக்குப் பிறகு எட்டு, பத்து மணி நேரம் கழித்து விழித்தெழும்போது அதில் பெரும்பகுதி செலவாகியிருக்கும். காலையில் ஒரு குவளை காபியுடன் மட்டும் புறப்படுபவர், பாதி காலியான தொட்டியுடன்தான் கிளம்புகிறார். கல்லீரல் கைவிரிக்கும்போது ரத்தத்தில் குளுக்கோஸ் அளவு சரிகிறது. நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத எரிச்சல், பார்வை மங்குதல், எளிய முடிவைக்கூட எடுக்க இயலாமை ஆகியவை அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. சைக்கிள் வீரர்கள் 'பாங்கிங்' என்று அழைப்பது இந்நிலையைத்தான். உள்ளரங்கப் பயிற்சியில் இது ஒரு சங்கடம்; கனரக லாரிகள் விரையும் தேசிய நெடுஞ்சாலையில் உயிருக்கே ஆபத்து.

உணவுக்கும் தாக்குப்பிடிக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பை 1967-ஆம் ஆண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் தசைத் திசுவை எடுத்துச் சோதித்து நிறுவினர். மூன்று நாள்கள் மாவுச்சத்து குறைந்த உணவை உண்டவர்கள் நிலைசைக்கிளில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் களைத்து நின்றனர். கலப்பு உணவை உண்டபோது இரண்டு மணி நேரத்தை நெருங்கினர். மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பிறகு அது இரண்டே முக்கால் மணி நேரமாக உயர்ந்தது. அதே ஆள்கள்; மாறியது உணவு மட்டுமே.

ஒரே சர்க்கரை, இரு விளைவுகள்

ஓய்வில் இருக்கும்போது ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தசைக்குள் நுழைய இன்சுலின் தேவை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த வழியில்தான் தடை ஏற்படுகிறது. உடற்பயிற்சியின்போது நிலைமை வேறு. தசை சுருங்கி விரிவதே, குளுக்கோஸை உள்ளே அனுமதிக்கும் 'குளுட்-4' என்ற புரதத்தைத் தசைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இன்சுலினின் துணை அதிகம் தேவைப்படுவதில்லை. எனவே, மிதித்துக்கொண்டிருக்கும்போது அருந்தும் சர்க்கரை நீர் உடனுக்குடன் எரிந்துவிடுகிறது. அதே நீரை மாலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்து அருந்தினால் விளைவு நேர்மாறானது. காலையில் 40 கி.மீ. ஓட்டிவிட்டோம் என்பதற்காக நண்பகலில் ஜிலேபிக்கு உரிமை கோருவோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

இன்சுலின் ஊசியோ, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்வோருக்கு நீண்ட பயணத்தின்போதும், அன்றிரவு உறக்கத்திலும்கூட ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும் அபாயம் உள்ளது. மருந்தின் அளவையும் உணவையும் மருத்துவருடன் பேசி மாற்றி அமைக்காமல் இவர்கள் நெடுந்தொலைவுப் பயணத்தில் இறங்கக் கூடாது. ஏகாதசி, நவராத்திரி, ரமலான் போன்ற விரத நாள்களில் கடும் பயிற்சியைத் தவிர்ப்பது அனைவருக்கும் நல்லது.

மணிக்கு எவ்வளவு?

பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடியுமானால் இடையில் எதுவும் உண்ணத் தேவையில்லை. ஒன்று முதல் இரண்டரை மணி நேரம் வரை மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். அதற்கு மேல் நீளும் பந்தயங்களில் மணிக்கு 90 கிராம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று பன்னாட்டு விளையாட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. குடல் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சக்கூடிய குளுக்கோஸ் சுமார் 60 கிராம் என்பதே இந்த எண்களுக்குக் காரணம். ஃபிரக்டோஸ் வேறொரு வழியாக உள்ளே செல்வதால், இரண்டையும் கலந்து உட்கொண்டால் மட்டுமே 60 கிராம் வரம்பைத் தாண்ட முடியும்.

விலை உயர்ந்த இறக்குமதி 'ஜெல்' பொட்டலங்கள் விளம்பரப்படுத்தும் தொழில்நுட்பம் இதுதான். ஆனால், அடுக்களையிலுள்ள சாதாரணச் சர்க்கரையும் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ்தான். வெல்லத்தின் பெரும்பகுதியும் அதுவே. 750 மில்லி தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, ஒரு கிராம் உப்பு, அரை எலுமிச்சையின் சாறு ஆகியவற்றைக் கலந்தால் எட்டு விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்கு அது போதுமானது. இதற்கு ஆகும் செலவு சில ரூபாய்களே. ஜெல் வீண் என்று பொருளல்ல. போர் காட் ஏற்றத்தில் குழு சிதறும் தருணத்தில் ஒரு கையால் கிழித்து விழுங்க அதைவிட வசதியான பொருள் இல்லை. வசதிக்குத்தான் அந்த விலை, சத்துக்கு அல்ல.

திட உணவில் நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்று 25 கிராம் வரை மாவுச்சத்து தருகிறது. பேரீச்சை, இட்லி, மகாராஷ்டிரச் சாலைகளில் எளிதில் கிடைக்கும் போஹா, உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு ஆகியவை ஏற்றவை. நெடுஞ்சாலை தாபாவின் வெண்ணெய் மிதக்கும் பராத்தாவும் சோலே பட்டூராவும் இரைப்பையை விட்டு வெளியேறவே பல மணி நேரம் ஆகும். ஆற்றல் தேவைப்படும் நேரத்தில் அவை வெறும் சுமையே. கடலை மிட்டாயில் வெல்லம் விரைந்தும் கடலையின் கொழுப்பு தாமதமாகவும் செயல்படுவதால், வேகம் குறைந்த 400, 600 கி.மீ. பயணங்களுக்கு அது பொருந்தும். இரண்டு மணி நேரப் பந்தயத்துக்குப் பொருந்தாது. பத்து மணி நேரம் கடந்த பிறகு நாக்கு இனிப்பையே வெறுக்கத் தொடங்கும். அப்போது தயிர்ச் சோறு கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி.

மணிக்கு 60 கிராம் என்பதை முதல் முறையிலேயே குடல் ஏற்றுக்கொள்ளாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம். பயிற்சி நாள்களில் 30 கிராமில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். பந்தய நாளன்று புதிய உணவு எதையும் சோதித்துப் பார்க்கக் கூடாது என்பது அனுபவசாலிகள் அனைவரும் ஏற்கும் விதி.

தண்ணீரும் உப்பும்

பயணத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது வியர்வை இழப்பை அறிய எளிய வழி. ஒரு கிலோ குறைந்தால், அருந்தியதற்கும் மேலாக ஒரு லிட்டர் நீர் இழக்கப்பட்டுள்ளது என்று பொருள். உடல் எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இழந்தால், குறிப்பாக வெப்பத்தில், திறன் குறையத் தொடங்கும். மாறாக, எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை மணி. வியர்வையில் உப்பை இழந்துகொண்டே தேவைக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடிக்கும்போது ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே சரிகிறது. தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை செல்லக்கூடிய இந்நிலை, மெதுவாகச் செல்லும் புதியவர்களையே அதிகம் தாக்குகிறது. அருந்துவதற்கு அவர்களுக்குத்தான் நேரம் அதிகம்.

இளநீர் நல்லதே. எனினும் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் வெளியேறுவது பெரும்பாலும் சோடியம் என்பதால் இளநீருடன் உப்பிட்ட ஏதேனும் ஒன்றையும் உண்ண வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். கரைசல் குறித்தும் ஒரு தெளிவு அவசியம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையின்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே உள்ளது. அதாவது சுமார் 54 கிலோ கலோரி. வயிற்றுப்போக்குக்காக உருவாக்கப்பட்ட அது நீரையும் உப்பையும் மீட்டுத் தரும், எரிபொருளாகாது. அந்தக் கலவைக்கு மாறாக, சர்க்கரை மிகுந்த பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைத் தாங்கி விற்கப்பட்டு வந்ததை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு அத்தகைய பானம் தீங்கு. சைக்கிள் வீரருக்கு அது வெறும் இனிப்பு நீர்.

எடைக் குறைப்பின் விலை

நந்தி மலை போன்ற ஏற்றங்களில் வெற்றியைத் தீர்மானிப்பது ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்ற விகிதம். ஆற்றலை உயர்த்த மாதங்கள் தேவை. எடையைக் குறைக்கப் பட்டினி போதும் என்ற எண்ணம் பலரை ஈர்க்கிறது. பயிற்சிக்கு ஆகும் செலவைக் கழித்த பிறகு, கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு 30 கிலோ கலோரிக்கும் குறைவாக மிஞ்சும் நிலை தொடர்ந்தால் ஹார்மோன் சுரப்பு குன்றி, எலும்பு மெலிந்து, அடிக்கடி நோய் தாக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014 முதல் இதை ஒரு நோய்க்குறித் தொகுப்பாகவே அங்கீகரித்து எச்சரித்து வருகிறது. ஆண்களும் இதற்கு விலக்கல்ல. சைக்கிள் ஓட்டுதலில் எலும்பின் மீது உடல் எடை தாங்குவதில்லை என்பதால், எலும்புத் தேய்மானம் இங்கு கூடுதல் கவலைக்குரியது.

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உள்ளது. காரணம் புரியாமல் வேகம் குறையும் வீராங்கனைகள் புதிய சக்கரம் வாங்கும் முன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் சோதனைகளைச் செய்துகொள்வது மலிவான வழி. சைவ உணவினர் பி-12 அளவையும் பார்க்க வேண்டும்.

மாவுச்சத்தை அறவே தவிர்க்கும் 'கீட்டோ' உணவு முறையையும் சிலர் பின்பற்றுகின்றனர். ஆஸ்திரேலியாவில் உயர்நிலை நடைப் பந்தய வீரர்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், கொழுப்பை எரிக்கும் திறன் அவர்களுக்கு உயர்ந்தது உண்மை. ஆனால், அதே வேகத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது. மூன்று வாரக் கடும் பயிற்சிக்குப் பிறகும் மாவுச்சத்து உண்ட குழுவினரைப்போல் அவர்களது நேரம் முன்னேறவில்லை.

புரதத்தூள் அவசியமா?

இவ்வகை வீரர்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது குறைந்தபட்சம் 84 கிராம். முட்டை ஒன்றில் ஆறு கிராம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம், 50 கிராம் சோயா உருண்டையில் சுமார் 25 கிராம் எனக் கூட்டினால் வீட்டு உணவிலேயே எட்டக்கூடிய அளவுதான். சோற்றுடன் ஒரு கரண்டிப் பருப்பு மட்டும் உண்போர் இதை எட்டுவது கடினம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஐதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், உடலைக் கட்டமைக்கப் புரதத்தூள்களை நாடுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியுள்ளது.

பந்தயங்களில் பங்கேற்போருக்கு மற்றோர் அபாயமும் உண்டு. லேபிளில் குறிப்பிடப்படாத ஊக்கமருந்து கலந்த தூளை அறியாமல் உட்கொண்டாலும், உடலில் கண்டறியப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது உலக ஊக்கமருந்து தடுப்பு விதி. அமெச்சூர் என்ற காரணத்தால் விலக்கு கிடைக்காது. காஃபின் மட்டும் 2004-ஆம் ஆண்டு தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எனவே, 600 கி.மீ. பயணத்தின் இரண்டாம் இரவில் சாலையோரக் கடையில் அருந்தும் தேநீருக்குத் தடையில்லை.