வேரில் எண்ணெய் வழிகிறது; நுனியில் வறட்சி!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுத்த வீட்டில் ஒரே கலவரம். "கூடவே கூடாது!" என்று தாயாரின் குரல். "செய்யத்தான் போகிறேன்!" என்று மகளின் குரல். என்னவோ ஏதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண் கையில் கத்தரிக்கோலுடன் நின்றுகொண்டிருந்தாள். மூன்றடி நீளக் கூந்தலைத் தோளோடு வெட்டிவிடப் போகிறாளாம்!

"நீங்களே சொல்லுங்க, பெரியம்மா! தலைக்குக் குளிச்ச மறுநாளே உச்சியில் பிசுபிசுன்னு ஒட்டுது. நுனியோ துடைப்பக்கட்டை மாதிரி இருக்கு. இதைச் சுமந்துக்கிட்டு நான் என்ன செய்யறது?" என்றாள் அவள்.

"எண்ணெய் தேய்ச்சுக்கோன்னா கேக்கிறதில்லை, அக்கா. தினம் ஷாம்புவைக் கொட்டிக் கசக்கினா முடி என்னத்துக்கு ஆகும்?" என்றாள் தாயார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. இருவர் செய்ததிலும் பாதி தவறும் இருந்தது. நீண்ட கூந்தல் உள்ள அநேகம் வீடுகளில் இதே வழக்குத்தான் நடக்கிறது. ஆகவே, அன்று அவர்களுக்குச் சொன்னதை நம் சகோதரிகளுக்கும் சொல்லுகிறேன்.

ஒரே தலையில் இரு வகை முடியா?

ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் மிகச் சிறிய எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. அதில் ஊறும் நெய்ப்பசைதான் உச்சியில் தெரியும் பிசுக்கு. பருவம் எய்தும் வயதில் இந்தச் சுரப்பு அதிகமாகும். முதுமையில் குறையும்.

குட்டை முடியாக இருந்தால், சீப்பால் இரண்டு இழுப்பு இழுத்தாலே இந்தப் பசை நுனிவரை பரவிவிடும். மூன்றடி முடியில் அது எப்படி நுனிக்குப் போய்ச் சேரும்? வாய்க்காலின் தலைமடையில் தண்ணீர் தேங்கி நிற்க, கடைமடை காய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கதைதான்! சுருட்டை முடி என்றால் வழி இன்னும் கடினம்.

வயது வித்தியாசமும் உண்டு. முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம், அதாவது வருஷத்துக்கு ஆறு அங்குலம் வளருகிறது. மூன்றடிக் கூந்தலின் வேர்ப்பக்கம் நேற்று முளைத்தது. நுனியோ ஆறு வருஷத்துக்கு முன் முளைத்தது! அந்த ஆறு வருஷமும் வெயிலில் காய்ந்து, காற்றில் அலைந்து, சீப்பிலும் ரப்பர் வளையத்திலும் சிக்கித் தேய்ந்திருக்கிறது. முடியின் மேற்புறம் ஓடு வேய்ந்த கூரையைப் போல் செதில் செதிலாக அமைந்தது. நாளடைவில் நுனியில் அந்த ஓடுகள் பெயர்ந்துவிடுகின்றன. பிறகு ஈரம் தங்காது; முடி இரண்டாகப் பிளக்கும். தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்ற பொருள். காயம் ஆறுவதுபோல் அது தானாக ஆறாது.

தாயார் செய்த தவறு

எண்ணெய் வேண்டியது நுனிக்கு. தாயாரோ ஒரு கிண்ணம் எண்ணெயை உச்சியில் கொட்டிவிடுகிறார்! ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் இடத்தில் இன்னும் ஊற்றினால் பிசுக்கும் தூசியும்தான் சேரும். நம் பெரியவர்கள் செவ்வாய், வெள்ளியில் எண்ணெய் தேய்த்து, அன்றே சீயக்காய் போட்டு அலசிவிட்டார்கள். நாள் கணக்கில் உச்சியில் எண்ணெயை ஊறவிடும் வழக்கம் எண்ணெய்ப் பசைத் தலைக்கு ஏற்றதல்ல. மண்டையில் பொடுகு இருந்தால் இன்னும் கெடுதல். பொடுகுக்குத் துணைபோகும் 'மலசீசியா' என்ற நுண்ணுயிருக்கு எண்ணெய்ப் பசையே ஆகாரம்.

மகள் செய்த தவறு

மகளோ, உச்சியின் பிசுக்குக்குக் கோபப்பட்டு, முடி முழுவதையும் தலைமேல் குவித்து ஷாம்பு போட்டுத் துணி கசக்குவதுபோல் கசக்குகிறாள். பிசுக்கு இல்லாத நுனியில் மிச்சம் இருந்த கொஞ்சநஞ்சப் பசையும் போய்விடுகிறது. ஒருத்தி இருக்கிற இடத்தில் ஊற்றுகிறாள். மற்றொருத்தி இல்லாத இடத்திலிருந்து எடுக்கிறாள்!

செய்ய வேண்டியது என்ன?

குளிப்பதற்கு முன்: ஒரு மணி நேரம் முன்னதாகவோ, முதல்நாள் இரவோ, ஒரு சிறு கரண்டித் தேங்காயெண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு, காதுக்குக் கீழே தொடங்கி நுனிவரை தடவுங்கள். உச்சியை விட்டுவிடுங்கள். தேங்காயெண்ணெய் ஏன்? 2003-ஆம் ஆண்டில் ரேலே, மொஹிலே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், முடியிலிருந்து புரதம் கழிவதைத் தேங்காயெண்ணெயே வெகுவாகக் குறைத்தது எனக் கண்டார்கள். அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்கு உள்ளேயே புகக்கூடியது. குளிக்கும் முன்பு தடவினாலும் பலன் உண்டு என்பது அந்த ஆய்வின் முடிவு. நம் பாட்டிமார் செய்ததும் அதுதானே!

சிக்கு எடுத்தல்: தலையை நனைக்கும் முன்பே பல் அகன்ற சீப்பால் சிக்கு எடுத்துவிடுங்கள். நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே போக வேண்டும். மேலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே முடிச்சாக விழும்.

அலசுதல்: சீயக்காயோ, அரப்போ, ஷாம்புவோ எதுவானாலும் மண்டையில் மட்டும் தேயுங்கள். நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். வழிந்து ஓடும் நுரையே நீள முடிக்குப் போதும். சீயக்காய் மட்டும் போட்டால் வறளுகிறது என்பவர்கள், வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்த்து அரைத்து, வடிகஞ்சியில் கரைத்துக்கொள்ளலாம். உடம்புக்குப் போடும் ஸோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். அது காரம் மிகுந்தது. ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் அது திப்பி திப்பியாக முடியில் படியும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் வேண்டாம். வெதுவெதுப்பே போதும். கண்டிஷனர் போடுகிறவர்கள் காதுக்குக் கீழே மட்டும் போடட்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? உச்சி பிசுக்கும்போது அலசலாம். வாரம் இரண்டு மூன்று முறையானாலும் பாதகமில்லை. அடிக்கடி அலசினால் எண்ணெய் அதிகம் சுரக்கும் என்று பயப்படாதீர்கள். சுரப்பிகளை நடத்துவது உடம்பின் உள்ளேயுள்ள ஹார்மோன்கள். அவற்றுக்கு நீங்கள் குளித்தது தெரியாது!

காயவைத்தல்: நம்மில் பலர் ஈரக் கூந்தலைத் துண்டால் 'படார் படார்' என்று அடிக்கிறோம். ஈர முடி எளிதில் நீண்டு அறுந்துபோகும். துண்டால் ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு இறுகப் பின்னாதீர்கள்.

நுனி வெட்டுதல்: பிளந்த நுனியை ஒட்டவைக்கும் மருந்து கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அரை அங்குலம் வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் பிளவு மேலே ஏறும்.

ஒரு வார்த்தை ஜாக்கிரதை

தினம் ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பே. கடும் காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பின் இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக உதிர்வதும் உண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் அது சரியாகிவிடும். ஆனால் காரணமின்றித் தொடர்ந்து உதிர்ந்தாலும், மண்டை சிவந்து அரித்துச் செதில் செதிலாக உரிந்தாலும், எண்ணெயை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். இரத்தச்சோகை, தைராய்டுக் கோளாறு இவைகூடக் காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைக் கேட்டேன்: "உன் பாட்டி காலமாகி எத்தனை வருஷம் ஆச்சு?"

"மூணு வருஷம்."

"அப்படியானால் உன் பின்னலின் கீழ்ப்பாதி அவள் கையால் சீவிப் பின்னியது. மேல்பாதிதான் அதற்குப் பிறகு வளர்ந்தது. வெட்டுவது உன் இஷ்டம். தலை உன்னுடையது. ஆனால் கோபத்தில் வெட்டாதே."

அவள் பின்னலை முன்னால் இழுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தரிக்கோலைத் தாயாரிடம் நீட்டி, "நுனி மட்டும் வெட்டிவிடு, அம்மா" என்றாள். நாலு விரற்கடை போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தேன். திண்ணையில் மகள் உட்கார்ந்திருக்க, தாயார் எண்ணெய்க் கிண்ணத்துடன் பின்னால் இருந்தார். பழக்கதோஷத்தில் கை உச்சிக்குப் போயிற்று. "அம்மா! காதுக்குக் கீழே!" என்றாள் மகள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.